ஓர் அவரைக்கொட்டையின் படம்

சுப்பீரியர் ஏரி உறைந்துகிடந்த வாரத்தில்
எங்கள் ஆஸ்பத்திரியின் நிலவறையில்
அறுவை மருத்துவர்கள் நால்வர் கூடினோம்.
காகிதக் கோப்புகளுக்கு மார்ச் வரைதான் ஆயுள் என்றார்கள்.
வாக்கெடுப்பு என்று பெயர்.
கம்ப்யூட்டர்கள் முன்கூட்டியே வந்து
தாழ்வாரத்தில் அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தன.

பாஸ்கோ சொன்னார்:
"வலியைச் சொல்லும்போது
நான் முகத்தைப் பார்ப்பவன்.
இனி என் முதுகிடம் சொல்வார்கள்."

எலும்பு பார்க்கும் ஐலி நீமி சிரித்தாள்:
"என் மருந்துச் சீட்டை
கடைக்காரர் சிலுவை போட்டுக்கொண்டுதான் படிக்கிறார்.
எனக்குச் சம்மதம், நாளைக்கே வரட்டும்."

ட்ருடெல் கணக்கோடு வந்திருந்தார்:
ஒரு குடலிறக்கத்துக்கு முப்பத்தெட்டு கிளிக்.
தைக்க ஆகும் நேரத்தைவிடத்
தட்ட ஆகும் நேரம் அதிகம்.
"இந்தப் பெட்டி நோயாளிக்கா,
பில் போடுகிறவர்களுக்கா?"
யாரும் பதில் சொல்லவில்லை. காபி ஆறியது.

என் முறை.
இருபத்திரண்டு வருடமாக
ஒவ்வோர் அறுவைக்குப் பிறகும்
குறிப்பின் கீழே ஒரு படம் வரைவேன்.
வெட்டிய இடம், ஒட்டிய இடம், பயந்து விட்டுவைத்த இடம்.
சொல்லில் வழுக்குவது கோட்டில் நிற்கும்.
"இதில் வரைய எங்கே இடம்?" என்றேன்.
பயிற்சி தர வந்த பையன்
ஊதா மேல்சட்டையைத் தடவிக்கொண்டே
"அடுத்த பதிப்பில்" என்றான்.

வேண்டாம் மூன்று, வேண்டும் ஒன்று.
ஒன்று ஜெயித்தது.

முதல் மாதமே
முழங்காலுக்குக் கீழே இழந்த ஒருவருக்கு
'இரு பாதங்களிலும் நாடி சீர்' என்றிருந்தது,
முந்தைய நாள் குறிப்பை நகலெடுத்து ஒட்டியதில்.
பாஸ்கோ அதை அச்செடுத்து
உடை மாற்றும் அறையில் ஒட்டிவைத்தார்.
நானும் தினம் ஒரு முறை படித்துச் சிரித்தேன்.

அடுத்த பிப்ரவரி, இரவு இரண்டு மணி.
பனிவண்டியோடு மரத்தில் மோதிய வெய்ன் ஹெய்க்கிலா.
அழுத்தம் இறங்கிக்கொண்டே இருந்தது.
ஸ்கேனுக்கு நேரமில்லை.
வயிற்றின் நடுவில் நெடுகப் பழைய தழும்பு;
அது எந்தப் பக்கத்தையும் காட்டிக்கொடுக்காது.
நர்ஸ் திரையில் பெயரைத் தட்டினாள்.
ஒன்பது வருடத்துக்கு முந்தைய தாள்,
ஸ்கேன் ஆனதில் கோணலாக,
காபிக் கோப்பை வைத்த வட்டத்தோடு,
என் படம்.

ஓர் அவரைக்கொட்டை.
அதன்மேல் பெருக்கல் குறி.
ஒரு சிறுநீரகத்தை எடுத்திருக்கிறேன்.

எந்தப் பக்கம்?
கோடு சொல்லவில்லை.
அருகே ஒரு சொல்,
என் கை எழுதியது,
என் கண்ணால் படிக்க முடியவில்லை.
பக்கத்துப் பெட்டியில்
ஆவண அறை லோர்னா தட்டியிருந்தாள்:
வலது?
கேள்விக்குறியோடு.

திறந்தோம். ரத்தம் இடப்புறமிருந்து.
கையை ஈரலுக்கடியில் நுழைத்து
வலப்புறம் துழாவினேன்.
காலி.
இருப்பது ஒன்றுதான்,
அதுதான் கிழிந்திருந்தது.
எடுத்துவிடுவதென்றால் பத்து நிமிட வேலை.
தைத்தோம், மூன்று மணி நேரம்.

விடியும்போது திரைக்கு வந்தேன்.
'நெடுநேரமாக நீங்கள் எதுவும் செய்யாததால்
வெளியேற்றப்பட்டீர்கள்.'

மறுபடி கடவுச்சொல். மறுபடி கட்டங்கள்.
சிறுநீரகம்: அகற்றப்பட்டது,
அகற்றப்படவில்லை,
பொருந்தாது.
காப்பாற்றியதற்குக் கட்டம் இல்லை.
கீழே இருநூறு எழுத்துக்கு இடம் இருந்தது.
'வலது இல்லை. இடது தைக்கப்பட்டது.
இவருக்கு இருப்பது இதுதான்.'
யாரும் படிக்கலாம்.
நானும்.

அப்புறம், கை சும்மா இருக்குமா,
பிரிண்டரிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி
வரைந்தேன்.
எட்டுத் தையலையும் எண்ணிப் போட்டு
இடது என்று கொட்டை எழுத்தில் எழுதி
லோர்னாவின் தட்டில் வைத்துவிட்டு
செருப்போடு படுத்தேன்.

ஒன்பது மணிக்கு ஃபோன்.
"டாக்டர், ஸ்கேன் பண்ணணும்.
தாளின் ஓரத்தில், குறுக்கே எழுதியிருக்கீங்க.
இந்தப் படத்துக்கு
மேல் பக்கம் எது?"